பனி வண்டிக் கிளட்ச்

"பனியில ஓடுற வண்டியோட கிளட்ச், ஐஸ் சுமக்குற வண்டிக்கு ஒத்துவராமலா போயிடும்?"

வெள்ளிக்கிழமை மாலை. த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயில் அர்ச்சனை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்தான் இப்படிக் கேட்டார். நடைபாதைக் கடையில் வாங்கிய பெட்டி ஒன்று அவர் கையில் இருந்தது. அதன் மேல் பனியில் சறுக்கி ஓடும் வண்டியின் படம். பக்கத்தில் நின்றவர் அவருடைய அக்காள் புருஷன், லாம்ப்ரோ என்கிற மூன்று சக்கர வண்டியில் கடைகளுக்கு ஐஸ் கட்டி போடுகிறவர்.

"அமெரிக்கப் பட்டாளத்துக்கு வந்த சரக்கு, அத்தான்."

"இந்த வெயில்ல பனியில சண்டை போடவா வந்தான்? கழட்டி வெச்சிருக்கோம்ல, அந்தப் பழசுக்கு பிளேட் மாத்தினாலே போதும்னு மெக்கானிக் சொல்றான்டா."

"தேஞ்சதை எத்தனை தடவை ஒட்டுப் போடுவீங்க? வண்டி திணறித் திணறிப் பாலம் ஏறுறதுக்குள்ள பாதி ஐஸ் தண்ணியாப் போகுது."

"அது நெசந்தான். இனிமே தண்ணி கொண்டாந்தா வேற ஆள் பார்த்துக்குவோம்னு கடைக்காரங்க சொல்லிட்டாங்க."

கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளைப் பூ வந்தால் பழசைச் சரிசெய்வது, சிவப்பு வந்தால் புதுசை மாட்டுவது. குருக்கள் இரண்டு பொட்டலங்களையும் அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

அத்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தாளே சொல்லிட்டா. காலையில பழசை எடுத்துக்கிட்டு மெக்கானிக்கிட்ட போறோம்."

"இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க, அத்தான்."

"ஏன்டா?"

"பழசைக் கொடுத்துட்டுத்தான் இதை வாங்கினேன்."