கட்டிலுக்கு அடியில் அம்மா

"நேத்து எங்கம்மாவக் கட்டிலுக்கு அடியில ஒளிய வச்சேன்டி."

ஸ்ரீராம்புரத்தில் நான் பஸ் ஏறி உட்கார்ந்ததும், முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னது இது. காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எதுக்குடி?"

"வீடியோ கால்ல இன்டர்வியூ. ரூம்ல வேற யாரும் இருக்கக் கூடாதாம். எங்க வீடே ஒரு ரூம்தானே?"

"வெளிய அனுப்பியிருக்கலாம்ல?"

"கொட்டுற மழையில, ஜுரத்தோட எங்கடி போவாங்க? பாதியில இருமிட்டாங்க. 'பதில் சொல்லித் தர ஆள் வச்சிருக்கியா'ன்னு கேட்டான் அந்தாளு. அம்மாவுக்குக் கையெழுத்தே போடத் தெரியாதுடி!"

"அப்புறம்?"

"அடியிலிருந்து தவழ்ந்து வந்து, 'சாரி சார்'னு கும்பிட்டாங்க. கட் பண்ணிட்டான்."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"வேலை போனாப் போகுது. அவங்க வீட்டுல அவங்க இருந்ததுக்கு, எங்கம்மா எதுக்குடி அவன்கிட்ட சாரி சொல்லணும்?"