ஜெகதீஸ்வரன் வைத்த பின்விளக்கு

தலைமை தாங்கும் நல்லமுத்து அய்யா அவர்களே, கூட்டம் நடத்த உரக்கடை மாடியைத் தந்து உதவிய ரத்தினம் அண்ணாச்சி அவர்களே, அருப்புக்கோட்டைச் சிறுவடிவப் பேருந்துக் கலைஞர்கள் சங்கத்தின் உறுப்பினர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும், மறைந்த ஜெகதீஸ்வரன் அண்ணனின் துணைவியார் முருகலட்சுமி மதினி அவர்களே, மகள் சுவாதி அவர்களே, மாடி ஏற முடியாமல் கீழே கடையில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கும் கண்டக்டர் தனுஷ்கோடி அவர்களே, அனைவருக்கும் சங்கத்தின் செயலாளர் வீரணனுடைய வணக்கம்.

எனக்கு நின்று பேசத் தெம்பில்லை. இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டிவிட்டு நேராக இங்கே வந்திருக்கிறேன். ஆனால் அலுப்பு வேனால் வந்தது இல்லை. அது நாலு வருஷமாக இருக்கிறது.

நாற்பது நாற்காலி போட்டோம். பதினேழு பேர் வந்திருக்கிறீர்கள். மிச்ச நாற்காலி ஏன் காலியாகக் கிடக்கிறது? எல்லாருக்கும் தெரியும். சிற்றுருச் செம்மல் ஜெகதீஸ்வரன், கூட இருந்த நண்பனுக்கே குழி பறித்தவர் என்று இந்த ஊர் சொல்லிவைத்திருக்கிறது. அந்த நண்பன் நான்தான். போன வாரம் துக்கம் விசாரிக்கப் போனபோது மதினி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "தம்பி, ஒங்க அண்ணன் அப்படி என்னதான் ஒங்களுக்குத் துரோகம் பண்ணிட்டாக? என்கிட்ட ஒரு நாளும் வாயத் தொறந்து சொன்னதில்ல. நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார்கள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

முதலில் அவர் யார் என்று சொல்கிறேன். பரளச்சியில் பிறந்தவர். கடலையும் கம்பும் விதைத்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம். திருச்சுழி ரோட்டில் பம்புசெட் ஸ்டார்ட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பகலெல்லாம் கருகிப்போன காயிலைக் கழற்றுவார். பொழுது சாயக் கடையைப் பாதி சாத்திவிட்டு, சன்போர்டு அட்டையை அறுத்துப் பேருந்து செய்வார். ஒன்றரை அடி நீளப் பேருந்து. டயர் பழைய ஹவாய் செருப்பு. வைப்பர் ஆட, ஓடாத சிடி பிளேயரில் கழற்றிய மோட்டார். ஹெட்லைட்டில் டிம் உண்டு, பிரைட் உண்டு. பிரேக் போட்டால் பின்னால் சிவப்பு கூடும். படிக்கட்டு விளக்குக்குத் தனி ஸ்விட்ச். இதெல்லாம் எதற்கு அண்ணே, யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். "பாக்கலேன்னா? படிக்கட்டுல லைட் இல்லாம சனம் எப்படிடா ஏறும்?" என்பார். ஒன்றரை அடி பஸ்ஸில் எந்தச் சனம் ஏறப்போகிறது? அவரிடம் அதைக் கேட்க முடியாது.

திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள், கிளம்பப்போன பேருந்தின் பின்னால் ஏணியில் தொங்கிக்கொண்டு டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். கண்டக்டர் விசிலுக்கு மேல் விசில் ஊதுகிறார். உள்ளே இருந்து சந்தைக்குப் போகிற பெத்தம்மாள் என்ற அம்மா தலையை நீட்டி, "ஏய்யா, பஸ்ஸுக்குச் சட்ட தைக்கப் போறியா? எறங்குய்யா, ஆட்டுக்குட்டி வெயில்ல காயுது" என்று ஏசினார். "ஒரே ஒரு கம்பிதான் ஆத்தா பாக்கி" என்று இவர் அளந்து முடித்துவிட்டுத்தான் இறங்கினார். ஏணிக் கம்பிகளுக்கு நடுவே கீழே பத்து அங்குலம், மேலே ஒன்பதரை. அந்த அரை அங்குலத்தை இருபத்துநாலால் வகுத்து அட்டையில் வைத்த மனுஷன் அவர்.

சிரிப்பும் உண்டு. நரிக்குடிப் பக்கம் ஒரு நாடக செட்டுக்கு வேல் செய்து கொடுத்தார். நுனியில் விளக்கு எரிய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவசரத்தில் கைக்கு அகப்பட்ட சர்க்யூட்டை வைத்து மூடிவிட்டார். அது பேருந்துக்கு என்று கட்டிவைத்திருந்த இண்டிகேட்டர் சர்க்யூட். சூரன் எதிரே நிற்கிறான், முருகன் வேலை ஓங்குகிறார், வேல் டிக் டிக் என்று மஞ்சளாக விட்டுவிட்டு எரிகிறது. கூட்டத்தில் ஒருவர், "ஏலே, சாமி லெப்டுல திரும்பப்போகுது, வழிய விடுங்க" என்றார். ஊரே சிரித்தது. மறுநாள் காலையில் பஸ் ஏறிப்போய் வேலைத் திருப்பி வாங்கி, சரிசெய்து, இரண்டாம் நாள் கூத்துக்கு முன்னால் கொடுத்துவிட்டு வந்தார். தப்பு நடந்தால் அதைத் தொட்டுத் திருத்தாமல் அவருக்குச் சோறு இறங்காது.

இனி அந்தக் கதைக்கு வருகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால், கார்த்திகை மாதம், சாயங்காலம் ஆறே முக்கால். பந்தல்குடி தாண்டித் தூத்துக்குடி ரோட்டில் ஒரு லாரி பஞ்சராகி ஓரத்தில் நின்றது. அப்போது நான் தனியார் ரூட்டு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். போய்ப் பின்னால் மோதினேன். உயிர்ச்சேதம் இல்லை. முன் சீட்டில் இருந்த தனுஷ்கோடிக்கு முழங்கால் நொறுங்கியது. லாரி டிரைவர் இம்மானுவேல் மேல் கேஸ் போட்டார்கள். விளக்கு சரியில்லாமல் ரோட்டில் வண்டியை நிறுத்தினார் என்று கேஸ். அப்படிச் சொன்னது யார்? நான். மோதலில் ஒரு பின்விளக்கு உடைந்துவிட்டது. தப்பிய மற்றொன்று எரிந்துகொண்டுதான் இருந்தது, போலீஸ் எடுத்த போட்டோவிலேயே தெரிந்தது. அதனால் நான் வேறு மாதிரி சொன்னேன். எரிந்தது, ஆனால் புழுதி அப்பி மங்கிக் கிடந்தது, கிட்டே வரும்வரை கண்ணுக்குத் தெரியவில்லை என்றேன்.

வக்கீல் சொன்னார், வாயால் சொன்னால் எடுபடாது, செய்து காட்ட ஆள் இருக்கிறதா என்று. எனக்கு ஆள் இல்லையா? ஜெகதீஸ்வரன் அண்ணனிடம் ஓடினேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை, சரி என்றார். அந்த லாரியின் உடையாத விளக்கை, புழுதியைக்கூடத் துடைக்காமல், அனுமதி வாங்கிக் கழற்றிக்கொண்டு வந்தார். மூன்று நாள் சாயங்காலம் அதே இடத்தில், அதே ஆறே முக்காலுக்கு, பேட்டரியில் அதை எரியவிட்டு இருநூறு அடி தள்ளி நின்று பார்த்தார். லாரிச் சத்தத்தில் காது அடைத்துப்போய் வீடு திரும்புவார். பிறகு எட்டடிப் பலகையில் ரோடு போட்டு, லாரியும் பஸ்ஸும் செய்து, அந்த வெளிச்சத்துக்குச் சரியாக ஒரு சின்ன சிவப்பு எல்இடி வைத்தார். எல்இடி எவ்வளவு எரியும் என்பதை ரெசிஸ்டர்தான் முடிவு செய்யும், இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். மதினிக்காகச் சொல்கிறேன். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிசாக, உடம்பில் வண்ண வளையம் போட்ட ஒரு சாமான் அது. அவர் வைத்தது ஆயிரம் ஓம். மூன்றாவது வளையம் சிவப்பு. அந்த வளையம் ஆரஞ்சாக இருந்தால் பத்தாயிரம். வெளிச்சம் செத்துப்போகும்.

வேலை முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பலகையின் இந்த முனையில், பஸ்ஸின் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தேன். அந்த முனையில் விளக்கு நன்றாகத் தெரிந்தது. "அண்ணே, கொஞ்சம் டிம் பண்ணுங்க" என்றேன். "எதுக்கு?" என்றார். "என் லைசென்ஸ் போயிரும்ணே" என்றேன். "எரிஞ்சது இம்புட்டுத்தான் வீரணா. கூட்டவும் முடியாது, கொறைக்கவும் முடியாது. அந்த லாரிக்காரரும் லைசென்ஸு வச்சிருக்காருல்ல" என்றார்.

மறுநாள் மத்தியானம் அவர் கிணற்றுமேட்டுக்கு மோட்டார் பார்க்கப் போயிருந்தார். கடைச் சாவி இருக்கும் இடம் எனக்குத் தெரியும். உள்ளே போனேன். பத்து நிமிஷ வேலை. ஆயிரத்தை எடுத்தேன், பத்தாயிரத்தை வைத்துப் பற்றவைத்தேன். ஆமாம், நான்தான். அந்த விளக்கில் எந்த ரெசிஸ்டர் இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்குத் தெரியும்?

விசாரணை நாள். அலுவலகத்தில் ஜன்னலெல்லாம் சாத்தி, எட்டடிப் பலகையை மேசை மேல் வைத்தாயிற்று. அதிகாரி குனிந்து பார்க்கத் தயாராகிறார். அண்ணன் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, எப்போதும் போலப் பின்விளக்கைக் கையால் பொத்திப் பார்த்தார். வெளிச்சம் மங்கியிருப்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். யார் செய்தது என்று அவர் கத்தியிருக்கலாம். என்னைக் கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். செய்தாரா? "மன்னிக்கணும் சார். என் வேலையில தப்பு நடந்துபோச்சு. கால் மணி நேரம் குடுங்க" என்றார். டேபிள் ஃபேன் ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த ப்ளக்கில் சால்டரிங் அயர்னைச் சொருகினார். அது சூடேறும்வரை எல்லாரும் சும்மா நின்றோம். பத்தாயிரத்தை எடுத்தார், ஆயிரத்தை வைத்தார். விளக்கு தெரிந்தது. இம்மானுவேல் மேலிருந்த கேஸ் போனது. என் லைசென்ஸ் ஆறு மாதம் போனது, ரூட்டும் போனது.

படியிறங்கும்போது, கழற்றிய ரெசிஸ்டரை என் சட்டைப்பையில் போட்டார். "நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். என்னைக்காச்சும் நீயாச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

ஊர் என்ன சொன்னது? கூட்டாளியின் பிழைப்பில் மண்ணைப் போட்டான் என்றது. நான் மறுத்தேனா? இல்லை. டீக்கடையில் எனக்காக நாலு பேர் அவரை ஏசும்போது டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷக் கண்காட்சியில் அவருக்கு மேசை இல்லை என்று சங்கம் எழுதிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டது யார்? செயலாளர் வீரணன். தெருக்குழாயில் மதினி குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். அதையும் வேனில் போகும்போது பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுக் கியரை மாற்றினேன். நல்லமுத்து அய்யா, கையைக் காட்டி உட்காரச் சொல்லாதீர்கள். இன்னும் கொஞ்சம்தான்.

அன்றைக்கு ரோட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த விளக்கு எரிந்தது. தூரத்திலேயே தெரிந்திருக்கும், பார்க்கிறவனுக்கு. நான் பார்க்கவில்லை. முதல் நாளும் சேர்த்துத் தூங்காமல் இரண்டு டூட்டி ஓட்டியிருந்தேன். கண் சொருகிவிட்டது. முழித்தபோது லாரி கண்ணாடிக்கு முன்னால் இருந்தது. கீழே கேட்டுக்கொண்டிருக்கும் தனுஷ்கோடி அண்ணே, உங்கள் காலை ஒடித்தது புழுதி இல்லை, நான்.

கடைசி நாற்காலியில், கதவோரம் ஒருவர் இருக்கிறார். உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. அவர்தான் லாரி டிரைவர் இம்மானுவேல். பேப்பரில் பார்த்து வந்திருக்கிறார். வாசலில் என்னிடமே, "ஜெகதீஸ்வரன் சாருக்கு அஞ்சலிக் கூட்டம் இதுதானுங்களா?" என்று கேட்டார். நாலு வருஷம் ஆனதில் நான் யார் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இப்போது தெரிந்திருக்கும்.

இரங்கல் கூட்டம் என்றால் கடைசியில் உறுதிமொழி எடுப்பது வழக்கம். அவர் விட்ட பணியைத் தொடர்வோம், அவர் வழியில் நடப்போம் என்று எல்லாக் கூட்டத்திலும் நான்தான் படிப்பேன். இன்றைக்கு அது என் வாயில் வராது. அவர் வழி என்னவென்று இவ்வளவு நேரம் சொன்னேனே, அதில் நடக்கிற ஆளா நான்? என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். மேசை கிடையாது என்று எழுதிய கடிதத்தை இந்தக் கூட்டத்திலேயே ரத்து செய்யக் கேட்கிறேன். செயலாளர் பொறுப்பை நல்லமுத்து அய்யாவிடம் ஒப்படைக்கிறேன். ரெசிஸ்டரை மாற்றியதையும், கண்ணசந்து ஓட்டியதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளைக் காலையில் விசாரணை நடந்த அலுவலகத்தில் கொடுக்கிறேன். வேன் வேலையும் போகலாம். போகட்டும்.

மதினி, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். அண்ணன் எனக்குத் துரோகம் பண்ணவில்லை. நான்தான் அவருக்குப் பண்ணினேன், நாலு வருஷமாக, தினமும். நீயாகச் சொல்லு என்று மட்டும்தான் அவர் என்னிடம் கேட்டார். காது கேட்கிற வரைக்கும் காத்திருந்தார். அவர் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்துச் சொல்லிவிட்டேன், அண்ணே.