வால்நட்சத்திரத்துக்குக் கீழே உட்கார்ந்தவன்

பொழுது இறங்கிக்கொண்டிருந்த நேரம். சித்தையன்கோட்டையைத் தாண்டி ஆத்தூருக்குப் போகிற சாலை. ஒரு பக்கம் வெங்காயக் காடு, மறுபக்கம் தென்னை. ஆள் நடமாட்டம் இல்லை. ஒரே சைக்கிளில் இரண்டு பேர்... பின்னால் உட்கார்ந்தவன் மடியில் கேமராப் பெட்டி, தோளில் முக்காலி.

இது எனக்கு நடந்ததல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாலை வகுப்பில் முன் பெஞ்சில் உட்காருகிறானே நூர் அகமது, அவனுடைய அக்கா நர்கீஸின் கணவர் அப்துல் ஜப்பாருக்கு நடந்தது. திண்டுக்கல்லில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். நூர் அகமது என்னிடம் இரண்டு தடவை சொன்னான். இரண்டிலும் மாறாமல் இருந்ததை மட்டும் சொல்லப் பார்க்கிறேன். சரியாகச் சொல்லுவேனா என்று எனக்கே சந்தேகம்தான். அந்த விளக்கைக் கொஞ்சம் தணித்து வையுங்கள். கரண்டு வர இன்னும் நேரமாகும்.

அறுபத்தைந்தாம் வருடம், ஐப்பசி. அப்போது ஒரு வால்நட்சத்திரம் வந்ததே, நினைவிருக்கிறதா? விடியுமுன் கிழக்கே, விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தது போல, வெள்ளையாக... ஜப்பாருக்கு அதைப் படம் எடுத்துவிட வேண்டும் என்று ஆசை. ஆத்தூர் அணையின் மலையோரக் கரையில் ஒரு தோல் வியாபாரிக்குத் தென்னந்தோப்பும் சின்ன பங்களாவும் இருந்தன. அவரிடம் சாவி வாங்கிக்கொண்டார்.

"கல்யாணமும் பொணமுமா எடுத்து எடுத்துக் கண்ணு பூத்துப் போச்சுலே. ஒரு தடவை வானத்தையும் எடுத்துப் பாப்போம், வா" என்றாராம் பொன்னழகிடம்.

சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் இந்தப் பொன்னழகுதான். ஜப்பாரோடு ஒன்றாகப் படித்தவன். ஸ்டுடியோவில் நெகட்டிவ்களில் முகத்துப் புள்ளிகளைப் பென்சிலால் திருத்தி டச்சிங் செய்பவன். அவன் மனைவி பழனியம்மாளுக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன் உண்டான இரண்டும் தங்கவில்லை. அதனால் அவன் துட்டி வீட்டு வாசலைக்கூட மிதிப்பதில்லை. மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது பிணத்தைத் தொடக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம்தானே. சாவு வீட்டுப் படங்களுக்கெல்லாம் ஜப்பார் தனியாகவே போய்வந்தார்.

அன்றைக்குச் சாலையோர வீடு ஒன்றில் கொட்டுச் சத்தம் கேட்டது. முனியப்பன் என்கிறவர் ஓடிவந்து சைக்கிளை மறித்தார். கேமராப் பெட்டியைப் பார்த்துவிட்டார். அவருடைய அப்பா சடையாண்டி காலையில் இறந்திருக்கிறார். உயிரோடு இருந்தபோது எடுத்த படம் ஒன்றுகூட இல்லை.

"தூக்கப் போறோம் பாய். நாற்காலியில உக்கார வச்சாச்சு. செத்த நேரம் வந்துட்டுப் போங்க."

அந்த நேரத்தில் யார் மறுப்பது? ஜப்பார் உள்ளே போனார். பொன்னழகு சாலையிலேயே நின்றுகொண்டான்.

வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை. லென்ஸைச் சற்று நேரம் திறந்து வைத்தால்தான் படம் விழும். ஆனால் பிணத்தின் தலை சாய்ந்துகொண்டே இருந்தது. நாற்காலிக்குப் பின்னால் வேட்டியைத் திரையாகக் கட்டி, அதற்குள்ளிருந்து ஒருவர் கழுத்தைப் பிடித்தாக வேண்டும். மகன்கள், மருமகன்கள், பேரன்கள்... எல்லோருக்கும் படத்தில் விழ வேண்டும்.

"நான் மூத்த மருமகன். நான் போயி ஒளிஞ்சு நின்னா ஊர் என்ன பேசும்?" என்றார் ஒருவர்.

திரைக்குள் போக ஆள் இல்லை. இருட்டிக்கொண்டு வந்தது. ஜப்பார் வாசலைப் பார்த்தார். பொன்னழகு முடியாது என்று தலையாட்டினான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"மொகத்தைப் பாக்க மாட்டேன் பாய்."

"பாக்க வேணாம். பின்னால இருந்து கழுத்தை மட்டும் பிடி. மூச்சை அடக்கிக்கோ. நீ மூச்சு விட்டா தலை ஆடும்."

அடக்கினான். ஜப்பார் லென்ஸ் மூடியைத் திறந்தார்... மூடினார். அவ்வளவுதான். அன்றிரவே சடையாண்டியை எரித்துவிட்டார்கள்.

தோப்புக்குப் போனதும் பொன்னழகு அணைத் தண்ணீரில் தலை முழுகினான். ஆனாலும் கையிலிருந்து சம்பங்கி வாசம் போகவில்லை. பிணத்துக்குப் போட்டிருந்த மாலையின் வாசம்.

"ஏலே, இன்னும் வாடை அடிக்குதுடா."

"அப்ப அடக்குன மூச்சு பாய், இன்னும் விடவே இல்லை" என்று சிரித்தானாம்.

விடியுமுன் இருவரும் கரைக்கு வந்தார்கள். நிலா இல்லை. நீருக்கு அந்தப் பக்கம் வால் மட்டும் முதலில் எழுந்தது. பிறகு தலை. தண்ணீரிலும் ஒன்று தெரிந்தது. படத்தில் ஒரு ஆள் இருந்தால் வானத்தின் அளவு தெரியும் என்று பொன்னழகைக் கரைப் பாறையில் உட்கார வைத்தார் ஜப்பார். அரிக்கேன் விளக்கை ஒரு தென்னைக்குப் பின்னால் தணித்து வைத்தார்.

"பொணமாட்டம் உக்காந்திரு" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அரை மணி நேரத்துக்குக் குறையாமல் லென்ஸ் திறந்திருந்தது. காற்று அடித்தது. ஓலைகள் உரசிக்கொண்டிருந்தன. தவளைச் சத்தம் எப்போது நின்றது என்று ஜப்பார் கவனிக்கவில்லை... நின்றுபோயிருந்தது. மூடியைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார்.

"படம் நல்லா வந்திருக்குமா பாய்?" என்றான் பொன்னழகு. திரும்பாமலேயே.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அவன் பின்னால்தான் உட்கார்ந்திருந்தான். முதுகில் அவன் மூச்சுப் படவில்லை என்கிறார் ஜப்பார். எதிர்க்காற்று அடித்தது, அதனால் இருக்கலாம்.

அன்று மாலை இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் கண்ணாடி நெகட்டிவ் பிளேட்டைக் கழுவினார். வால்நட்சத்திரம் விழுந்திருந்தது. நட்சத்திரங்கள் கோடு கோடாக இழுபட்டிருந்தன. ஓலைகள் புகையாகக் கலைந்திருந்தன. பொன்னழகு மட்டும்... சட்டைப் பொத்தான், காதோர மயிர், எல்லாம் செதுக்கினது போல இருந்தன.

அரை மணி நேரம் உயிருள்ள ஆள் அப்படி விழ முடியாது. எவ்வளவு அடக்கமாக உட்கார்ந்தாலும் மூச்சு இருக்கிறது. விளிம்பு கலைந்தே தீரும். அப்படிக் கலையாமல் விழுகிற ஆட்களை ஜப்பார் நிறைய எடுத்திருக்கிறார். எல்லாம் நாற்காலியில் சாய்த்து வைத்த ஆட்கள்.

கதவைக்கூடப் பூட்டாமல் பொன்னழகு வீட்டுக்கு ஓடினார். அவன் சோறு தின்றுகொண்டிருந்தான். "வாங்க பாய், கத்திரிக்கா வெஞ்சனம், உக்காருங்க" என்றான். பழனியம்மாள் தட்டு எடுத்து வைத்தாள். ஜப்பாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. சாப்பிட்டுவிட்டு வந்தார்.

வந்துதான் மற்ற பிளேட்டைக் கழுவினார். சடையாண்டியின் பிளேட்டை.

முகம் தெளிவாக இருந்தது. கழுத்தை ஒருவன் பிடித்திருந்தான் அல்லவா. நாற்காலி தெளிவு, திரை தெளிவு. மார்பில் கிடந்த மாலை மட்டும் கலைந்திருந்தது. மூச்சில் ஏறி இறங்கினது போல. பொன்னழகின் கை நடுங்கியிருக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். கை நடுங்கினால் தலையல்லவா கலைய வேண்டும் என்றான் நூர் அகமது.

ஜப்பார் இரண்டு பிளேட்டையும் ஒளித்து வைத்தார். அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. பொன்னழகு தினமும் வேலைக்கு வந்தான், டச்சிங் செய்தான், சிரித்தான். பழனியம்மாளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. நன்றாக அழுதது, நன்றாக உதைத்தது. மூன்றாம் மாதம் படம் எடுக்க மூன்று பேரும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள்.

ஜப்பார் விளக்குகளை எல்லாம் அணைத்தார். ஒரு ஜன்னலை மட்டும் திறந்தார். லென்ஸ் மூடியில் கையை வைத்துக்கொண்டு, "அசைங்க. எல்லாரும் செத்த அசைஞ்சுக்கிட்டே இருங்க" என்றார்.

பழனியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னண்ணே, ஊரெல்லாம் அசையாதேம்பாக. நீங்க ஆடச் சொல்றீக?"

பொன்னழகு சிரிக்கவில்லை. ஜப்பாரைப் பார்த்தான். பிறகு பிள்ளையை வாங்கி ஆட்ட ஆரம்பித்தான்.

ஜப்பார் பிளேட்டைக் கழுவும்போது இருட்டறைக்கு வெளியே வந்து நின்றான்.

"என்னையப் பாக்க வேணாம் பாய். அது எனக்குத் தெரியும். புள்ள எப்படி விழுந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

ஜப்பார் பார்த்தார். பழனியம்மாளின் முகம் கலைந்திருந்தது. பிள்ளையின் முகம், கால், தலைமயிர் எல்லாம் புகை. நடுவில் பொன்னழகு மட்டும், ஆடிக்கொண்டே இருந்தவன், செதுக்கினது போல.

"கலைஞ்சிருக்குடா. புள்ள நல்லாக் கலைஞ்சிருக்கு, அப்பு."

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் அழுகிற சத்தம் கேட்டதாம். ஜப்பாரும் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பிளேட்டை இன்னொரு தடவை விளக்கில் பிடித்தார்.

பிள்ளையின் வலது கை அப்பாவின் விரலைப் பிடித்திருந்தது. அந்தக் கை மட்டும், நகம் தெரிய, தெளிவாக இருந்தது.

அதை ஜப்பார் அவனிடம் சொன்னாரா, அவனாகவே பிளேட்டைப் பார்த்துவிட்டானா... அதில்தான் நூர் அகமது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்கிறான். அன்றிலிருந்து பொன்னழகு பிள்ளையைத் தூக்கவில்லை என்பதில் மாற்றமில்லை.

நான் நம்பவில்லை. போன வாரம் ஸ்டுடியோ பக்கம் போனேன். பொன்னழகு வாசலில் நின்றிருந்தான். பையனுக்கு இப்போது இரண்டு வயது. தெருமுனையிலிருந்து "அப்பா" என்று ஓடிவந்தான். பொன்னழகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பையன் அவன் காலடியில் நின்று, தூக்கச் சொல்லிக் கையை நீட்டினான்.

இடது கையை மட்டும்.