தங்கைக்கு நான் சேர்த்துவிட்ட கூட்டாளிகள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. என் குரல் இப்போதெல்லாம் அந்தக் கதவுவரைகூடப் போவதில்லை. ஒரு கதை சொல்கிறேன். நடந்த கதை; பக்கத்திலேயே இருந்து பார்த்தவள் நான்.

என் தங்கையை வீட்டில் பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். அம்மாவும் அப்பாவும் போனபின் அவளை வளர்த்தது நான்தான். எனக்குப் படிப்பு பள்ளியோடு நின்றது. ஓர் ஆய்வு நிறுவனத்து நூலகத்தில் புத்தகம் அடுக்கப் போய், அங்கேயே உட்கார்ந்து படித்து, விஞ்ஞானிகளின் மதிப்பைக் கணக்கிடும் பிரிவுக்கு வந்துசேர்ந்தேன். பொடிசு அதே நிறுவனத்தில் கணினி விஞ்ஞானி ஆனாள். மதியம் இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிடுவோம். வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.

எங்கள் பிரிவின் வேலை புரியாத வேலை இல்லை. ஒருவர் எழுதிய கட்டுரையை மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் எத்தனை முறை எடுத்துக்காட்டுகிறார்கள் என்று எண்ணுவோம். அதற்கு மேற்கோள் என்று பெயர். மேற்கோள் நிறைய விழுந்தால் ஆள் பெரிய ஆள். கணினி தன் பிழையைத் தானே தேடிப் பிடிக்கப் பொடிசு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அவள் முகத்தையே பார்த்திராதவர்கள், எங்கெங்கோ இருப்பவர்கள், அவளை மேற்கோள் காட்டிக் குவித்தார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் தோள் பையைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, கடல் தாண்டி ஒரு ஆய்வுக்கூடம். எனக்கே எனக்கு. நான்தான் தலைவி! நம்ம நிறுவனம் மேற்கோளை எண்ணி மதிப்பெண் சான்று குடுத்துட்டா வேலை உறுதி."

"எவ்வளவு நாளைக்கு?"

"நாளா? இனிமே அங்கேயேதான்க்கா. என் துணியைத் துவைச்சுத் துவைச்சுப் புலம்புவியே, அது மிச்சம் உனக்கு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுக்கு வெந்நீர் வைக்கக்கூடச் சரியாக வராது. காய்ச்சல் வந்தால் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். இதையெல்லாம் யோசிக்கத்தானே மூத்தவள் என்று ஒருத்தி இருப்பது.

தங்கையின் கணக்கை நான் தொடக் கூடாது என்று மறுநாள் நானே சொல்லி விலகிக்கொண்டேன். எதிர் மேஜை மீசைக்காரர் அதை எடுத்துக்கொண்டார். "உங்களை மாதிரி நேர்மையான ஆளைப் பாக்கிறதே அபூர்வம்மா," என்றார். அவளுடைய ஓர் எண்ணில்கூட இன்றுவரை நான் கை வைத்ததில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பொடிசு கூச்சக்காரி, எப்போதும் தனியாகவே எழுதுவாள். சான்று கேட்பதற்குமுன் என்னிடம் யோசனை கேட்டாள்.

"தனியாவே எழுதினா திமிர் பிடிச்சவள்னு நினைப்பாங்க," என்றேன். "உன்னை மேற்கோள் காட்டினவங்க எல்லாரையும் கூப்பிடு. உன் வழியை அவங்கவங்க எப்படிப் பயன்படுத்தினாங்கன்னு சேர்ந்து ஒரே கட்டுரையா எழுதுங்க. நாலு பேர் கூட இருக்கிறது பலம்தானே."

"வருவாங்களாக்கா? நான் யாரோ எவளோ."

"வாயைத் திறந்து கேட்டா முத்தா உதிர்ந்துடும்?"

முகவரிகளை நானே தேடிக் கொடுத்தேன். ஒருவரும் விட்டுப்போகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்தேன். கூப்பிட்ட எல்லோரும் ஓடி வந்தார்கள். அவள்மேல் அவ்வளவு மரியாதை. மாதக்கணக்கில் திரையில் புதுப்புது முகங்களோடு பேசிச் சிரித்து எழுதினாள். அவளை அத்தனை சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. கட்டுரை வெளிவந்த அன்று கேக் வாங்கி வந்து முதல் துண்டை எனக்கு ஊட்டினாள். பிறகு சான்றுக்கு விண்ணப்பித்தாள்.

எங்கள் நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. சேர்ந்து எழுதியவர்கள் ஒருவரையொருவர் புகழ்வது வீட்டுக்குள் கைதட்டிக்கொள்வது மாதிரி, அது கணக்கில் வராது. ஒரே ஒரு கட்டுரையில் உங்கள் பெயரோடு பெயர் சேர்ந்துவிட்டாலும் அவர் உங்கள் கூட்டாளி. அவர் முன்பு காட்டியது, இனிமேல் காட்டப்போவது, எல்லா மேற்கோளும் கழிந்துவிடும். விஞ்ஞானிகள் அதையெல்லாம் படிப்பதில்லை.

மீசைக்காரர் கழித்தார். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் மிஞ்சவில்லை. பொடிசு எங்கள் அறைக்கே வந்துவிட்டாள்.

"சார், அவங்க மேற்கோள் காட்டினப்ப எனக்கு அவங்க யாருன்னே தெரியாது சார்."

"புரியுதும்மா. ஆனா இப்ப கூட்டாளி ஆயிட்டாங்களே. நான் என்ன பண்ண முடியும்? எனக்கே வயிறு எரியுது."

மேலிடத்துக்கு எழுதினாள், அதே பதில். மேற்கோள் காட்டியவர்கள் அவளுக்காகப் பரிந்து எழுதினார்கள். கூட்டாளிகளின் சிபாரிசு என்று அதையும் ஒதுக்கிவிட்டார்கள். கடல் தாண்டிய ஆய்வுக்கூடம் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். "அக்கா, இந்த விதி உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரிஞ்சா சொல்லாம இருப்பேனாடி?"

நம்பினாள். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்? கண்ணுகளா, அந்த விதியை வாக்கியம் வாக்கியமாக எழுதியதே நான்தான். நியாயத்துக்காக எழுதினேன், அவள் வேலைக்குச் சேருமுன்பே. பிறகு அவள் போய்விடக் கூடாது என்பதற்காக, என்ன ஆகும் என்று தெரிந்தே, ஒவ்வொரு முகவரியாக எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவள் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கிப்போனாள். இப்போது வேலைக்குப் போவதில்லை. கணினியைத் திறப்பதில்லை, யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் காதைப் பொத்திக்கொள்கிறாள். நான் ஊட்டினால் சாப்பிடுகிறாள். தலை வாரிவிட்டால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். நான் யார் என்று சில நாள் அவளுக்குத் தெரிவதில்லை. ஆனால் கையை மட்டும் விடுவதில்லை. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

போய் வாருங்கள். உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். நீங்கள் ஆசையாக வளர்த்தவர்கள் யாரும், எங்கள் வீட்டைப் போலவே, சாகும்வரை உங்கள் கண்ணைவிட்டுப் போகாமல் இருக்கட்டும்.