ஒன்பதுக்கு மூன்று

மாஸ்டர், எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஊருக்குக்கூட ஃபோன்தான். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

ஆகஸ்ட் கடைசியில் பிள்ளைகள் அந்த நான்கு பக்கத் தாளைக் கொண்டுவந்தார்கள். கல்லூரித் தரத்தில் உலக வரலாறு, இந்த இரண்டாயிரத்து ஒன்றில்தான் பள்ளியில் புதிதாகத் தொடங்கிய வகுப்பு. உங்கள் நிருஜாவும் என் கயலும் சேர்ந்தார்கள். வாரம் நாற்பது பக்கம் வாசிப்பு, கைப்பட எழுதிய குறிப்புகள், இரண்டு வாரத்துக்கு ஒரு கட்டுரை. கட்டுரை மாணவரின் சொந்த வேலையாக இருக்க வேண்டும். மீறினால் பூஜ்யம், வகுப்பை விட்டும் நீக்கம். அதற்குக் கீழே பெற்றோர் கையெழுத்து. நான் முழுவதும் வாசித்துவிட்டுத்தான் போட்டேன். வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை இந்தத் திருமூர்த்தி.

நீங்கள் யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் சரித்திரம் படிப்பித்தவர் என்று கோயிலில் சொன்னார்கள். இங்கே டப்ளினில் பெட்ரோல் போடுகிற கேஸ் ஸ்டேஷனில் வேலைக்கு நிற்கிறீர்கள். அந்த வேலையை நான் ஒருநாளும் குறைவாக நினைத்ததில்லை. நான்தான் தேடி வந்து கேட்டேன், நீங்களும் மறுக்காமல் சனிக்கிழமை மதியம் சான் ரமோன் லைப்ரரியில் இரண்டு பெண்களையும் உட்காரவைத்தீர்கள். ஆனால் எதையும் சொல்லிக்கொடுக்க மாட்டீர்கள். "இந்த வியாபாரி ஏன் இந்தத் துறைமுகத்திலை நாலு மாசம் நிண்டவன்?" என்று கேட்டுவிட்டு அரைமணி நேரம் சும்மா இருப்பீர்கள். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதில் தெரிந்தவர் சொல்லித் தொலைக்கலாமே என்றிருக்கும்.

முதல் கட்டுரை இந்துமாக்கடல் வாணிபம் பற்றி. கயலுக்குக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "அது பிள்ளையின்ட வேலை, தம்பி." சரி என்று ஆபீசில் இரண்டு நாள் லீவு போட்டு நானே எழுதினேன். பதினோரு பக்கம். ஒரு வருடம், ஒரு துறைமுகம் விடவில்லை. கயல் அதைத் தன் கையெழுத்தில் காப்பி எடுத்தாள். "அப்பா, திஸ் இஸ் நாட் மைன்" என்றாள். அடுத்தது நீ எழுது என்றேன்.

ஒன்பதுக்கு மூன்று வந்தது. தகவல் நிறைய இருக்கிறது, வாதம் இல்லை என்று வகுப்பு ஆசிரியை மிஸ் ஹார்லன் ஓரத்தில் எழுதியிருந்தார். நிருஜாவுக்கு எட்டு. அதை வகுப்பில் வாசித்தும் காட்டினாராம். மாஸ்டர், நான் பிளஸ் டூவில் மாவட்டத்தில் இரண்டாவது. யாரும் எனக்கு ஒன்பதுக்கு மூன்று போட்டதில்லை. குழந்தை மனம் உடைந்துவிடுமே என்றுதான் கவலைப்பட்டேன். கயல் அன்று சாயங்காலம் டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், அது வேறு விஷயம்.

அக்டோபரில் பள்ளிக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்து அனுப்பினேன். நிருஜாவின் தகப்பனார் சரித்திர ஆசிரியர், கட்டுரைகளை அவர்தான் எழுதுகிறார், விசாரிக்கவும் என்று ஐந்து வரி. பெயர் போடவில்லை. விசாரிக்கத்தானே சொன்னேன். தப்பு இல்லையென்றால் இல்லையென்று தெரிந்துவிடப் போகிறது. இந்த நாட்டின் நடைமுறைகள்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து எனக்கே ஃபோன். ஒரு தமிழ்ப் பெற்றோரிடம் பேச வேண்டும், மொழிபெயர்க்க வர முடியுமா என்றார்கள். தன்னார்வலர் பட்டியலில் என் பெயர் இருந்தது. சொந்த விஷயத்தில் பிள்ளையையே மொழிபெயர்க்கவைக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. நல்ல விதிதான். அதனால் நிருஜா வெளியே பெஞ்சில் இருந்தாள். உங்களுக்கு ஆங்கிலம் வாசித்தால் புரியும், மிஸ் ஹார்லன் பேசுகிற வேகத்தில் புரியாது. அது எனக்குத் தெரியும்.

அந்த அறையில் நடந்ததில் உங்களுக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை இப்போது சொல்கிறேன்.

கட்டுரையை யார் எழுதியது என்று அவர் கேட்டார். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "நான் ஒரு வசனமும் எழுதிக் குடுக்கேல்லை. கேள்விதான் கேட்டனான். அவள்தான் ஏழு தரம் எழுதித் திருத்தினவள். அந்தத் தாள் எல்லாம் இந்தப் பையிலை இருக்கு, பாக்கச் சொல்லுங்கோ." நான் ஆங்கிலத்தில் சொன்னது இது: மகளுக்கு எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறார், எங்கள் பக்கத்தில் தகப்பன் எழுதிக் கொடுப்பது சாதாரணம், அது இங்கே தவறு என்று அவருக்குத் தெரியாது. மிஸ் ஹார்லனின் முகம் இளகியது. உங்களுக்கு நல்லது செய்வதாகவே எனக்குத் தோன்றியது.

நீங்கள் பையைத் திறக்கப் போனீர்கள். "மாஸ்டர், அதெல்லாம் வேண்டாங்க. நிருஜா இன்டர்நெட்ல இருந்து காப்பி அடிச்சது கம்ப்யூட்டர் செக்ல தெரிஞ்சிடுச்சாம்" என்றேன். அப்படி ஒன்றும் அவர் சொல்லவில்லை. ஆனால் ஏதாவது சொல்லி அந்தப் பையை மூடவைக்க வேண்டியிருந்தது. நீங்கள் பையை மூடினீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை எனக்குப் பொய் சொல்லிப்போட்டாளோ?" என்று கேட்டீர்கள். ஆமாங்க என்றேன்.

எழுந்தபோது, ஆசிரியருக்கு ஆசிரியர் செய்கிற மரியாதையாக, நீங்கள் மிஸ் ஹார்லனைக் கும்பிட்டீர்கள். அவர் என்னைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிறார் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பூஜ்யம் போட்டு, நிருஜாவைச் சாதாரண வகுப்புக்கு மாற்றி, அவர்கள் சட்டப்படி செய்வதைச் செய்தார்கள்.

உங்களைக் காரில் கொண்டுவந்து விட்டேன். "நீங்கள் இல்லாட்டி நான் அங்கை ஊமைதான், தம்பி" என்றீர்கள். உங்கள் வீட்டில் பத்மராணி அக்கா தேத்தண்ணி கொடுத்தார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

நீங்கள் நிருஜாவோடு பேசி ஏழு வாரமாகிறது என்று அக்கா சொன்னார். களவாகப் பார்த்து எழுதுகிற பிள்ளையோடு உங்களுக்குப் பேச்சில்லையாம். நிருஜாவும் உங்களோடு பேசுவதில்லை. அவள் எழுதிய கட்டுரையை அப்பா ஏன் தானே எழுதியதாகச் சொன்னார் என்று அவளுக்குப் புரியவில்லை. பள்ளியில் அவளிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாளாம். இதைக் கேட்டபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்தச் சனிக்கிழமையும் நீங்கள் கயலுக்குப் பாடம் எடுத்தீர்கள்.

போன வாரம் இரண்டு பெண்களும் பேசியிருக்கிறார்கள். நிருஜா, நான் எங்கேயும் காப்பி அடிக்கவில்லை, அப்பாதான் நம்பவில்லை என்று அழுதிருக்கிறாள். காப்பி என்று யார் சொன்னது என்று கயல் மிஸ் ஹார்லனிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவருக்கு அப்படி ஒரு பேச்சே தெரியவில்லை. கயல் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்து அந்த ஐந்து வரியைக் கண்டுபிடித்துவிட்டாள். என் முன்னால் பிரிண்ட் எடுத்து வைத்தாள். கத்தவில்லை. "ரைட் இட் இன் டமில், அப்பா. அங்கிள் ஷுட் ரீட் இட் ஹிம்செல்ஃப். நோபடி இன் பிட்வீன்" என்றாள். இதை உங்களிடம் அவளே கொண்டுவந்து கொடுப்பாள்.

ஆகவே, மாஸ்டர், நிருஜா காப்பி அடிக்கவில்லை. நீங்களும் எழுதிக் கொடுக்கவில்லை. கடிதம் போட்டதும் நான், இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னதும் நான். என் பெண்ணுக்காகத்தான் செய்தேன் என்று எழுத உட்கார்ந்தேன். கயல் பக்கத்தில் நின்று என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதனால் அந்த வரியை அடித்துவிட்டேன்.

நிருஜாவிடம் நீங்கள் இன்றே பேசிவிடுங்கள். பள்ளியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இந்தக் கடிதத்தை ஆங்கிலத்தில் மிஸ் ஹார்லனுக்கு நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அவருக்கு இவ்வளவு நீளம் தேவைப்படாது; உதவி செய்யப் போன இடத்தில் மொழிபெயர்ப்பில் ஒரு சின்னக் குழப்பம் என்று இரண்டு வரி போதும்.