கப்பலில் நல்ல இன்டர்நெட்

நோர்தன் லைன் ரயில் சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது. கைபேசியில் சிக்னல் போனதால், என் அறிவுப்பசியை எதிர் இருக்கையில் இருந்த வயதான தம்பதியின் பக்கம் திருப்பினேன்.

“கப்பலிலை இன்டர்நெட் நல்லா வேலை செய்தது. அதாலைதான் பயணம் பழுதாப்போச்சு,” என்றார் மனைவி.

கணவரும் சிக்னல் செத்த கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். “நடுக்கடலிலை சாட்டிலைட்டாலை வீடியோ ஓடுது. அதிலை என்னப்பா குறை?”

“போன முறைக் கப்பலிலை ஒண்டும் ஓடேல்லை. எட்மண்டனிலையிருந்து வந்த சோடியோடை பகல் முழுக்கச் சீட்டெடுத்து முன்னூற்றி நாலு விளையாடினம்.”

“அவையளை ஒரு ஆட்டம்கூட வெல்ல விடேல்லையே!” கணவர் சிரித்தார்.

“நான் துரும்புச் சீட்டைக் கவிட்டு வைச்சால், என்ரை முகத்தைப் பாத்தே என்ன துரும்பெண்டு பிடிச்சிடுவியள்.”

“அது களவு விளையாட்டப்பா.”

“களவோ என்னவோ, முகத்தைப் பாத்தியள். இந்த முறை கப்பலாலை இறங்குமட்டும் நான் உங்கடை உச்சந்தலையைத்தான் பாத்தனான்.”

ரயில் நகர்ந்தது. டூட்டிங் நிலையம் வந்ததும் சிக்னலும் வந்தது; என் கைபேசியும் கணவரின் கைபேசியும் ஒன்றாகக் கத்தின. நான் என்னுடையதைப் பாய்ந்து எடுத்தேன். அவர் தன்னுடையதை மடியில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, மனைவி பக்கம் திரும்பினார்.

“இப்ப என்ன துரும்பு வைச்சிருக்கிறீர்?”

“கேட்டால் சொல்லமாட்டன். பாத்துச் சொல்லுங்கோ.”