காலி வண்டி எடை

ராத்திரி இரண்டே முக்கால் மணி. பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் போகிற புது ரோடு. இரண்டு பக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு. நடுவில் ஒரே ஒரு டிப்பர் லாரி...

தேவானந்தம் இப்படித்தான் ஆரம்பித்தார். நாவலூர் எடை மேடையில் கரண்ட் போய் அரை மணி ஆகியிருந்தது. சொந்த லாரியைத் தானே ஓட்டிப் பிழைக்கிற நாங்கள் நாலு பேர், ஜல்லியை இறக்கிவிட்டு, லோடு எடையிலிருந்து கழிக்கிற காலி எடைச் சீட்டுக்காக அவர் வண்டியின் முன்சக்கரத்தை ஒட்டிக் குந்தியிருந்தோம். நடந்தது அவருடைய தங்கச்சி புருஷன் முனிரத்தினத்துக்கு.

முனிரத்தினம் பம்மல்காரன். தோல் பதனிடுகிற ஷெட்டில் பதினோரு வருஷம் ஈரத்தோல் சுமந்து, கடைசியில் ஒரு பழைய டிப்பரை வாங்கினான். வண்டியின் நெற்றியில் மகள் பெயரை எழுதி வைத்தான். துர்கா. கிளீனர் வைக்க வசதியில்லை, தனி ஆள்.

அந்த ராத்திரி சதுப்போரத்துக் குப்பைமேடு எரிந்து ரோடு முழுக்கப் புகை. ரப்பர் கருகின நாற்றம். கண்ணாடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று பின்சக்கரம் ஒரு தரம் ஏறி இறங்கியது. தொம்... அவ்வளவுதான். கத்தல் இல்லை.

பிரேக்கில் கால் வைத்தான். எடுத்துவிட்டான்.

இன்சூரன்ஸ் முடிந்து இருபது நாள். இறங்கிப் பார்த்து அது ஆளாக இருந்துவிட்டால், வண்டி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று துருப்பிடிக்கும். வண்டி போனால் மறுபடியும் ஈரத்தோல். "நாய்தான்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே கியரை மாற்றினான்.

ஜல்லியைக் கொட்டிவிட்டு இதே மேடையில்தான் வண்டியை ஏற்றினான். காலி எடை எப்போதும் ஆறாயிரத்து நானூறு கிலோ. அன்றைக்கு ஆறாயிரத்து நானூற்று அறுபது.

"டீசல் ஊத்திகினு வந்திருப்பான்யா," என்றார் எங்களில் ஒருவரான ஞானையா. "இதுக்குப் போயி பேயா?"

"இருய்யா," என்றார் தேவானந்தம். "நானும் அதத்தான் கேட்டேன். மறுநாளு குச்சி வுட்டு டீசல அளந்து, பழைய அளவோட ஏத்தினான். சேத்தையெல்லாம் கழுவிட்டு ஏத்தினான். அதே அறுபது. ஒரு கிலோ கொறையல."

மூன்றாம் நாள், எடை போடுகிறவர் ஜன்னலுக்குள்ளிருந்து மைக்கில் கத்தினார்.

"யோவ், நீ எறங்கிட்ட, சரி. பக்கத்து சீட்ல ஒர்த்தரு உக்காந்துகினு கீறாரே, அவர எறங்கச் சொல்லு!"

முனிரத்தினம் ஓடிப்போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தான். யாருமில்லை. சீட்டின் ரெக்சின் மட்டும் நடுவில் அமுங்கியிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கவே மெதுவாக மேலே எழும்பியது... கேபின் முழுக்கக் கருகின ரப்பர் வாடை.

லோடு எடையைக் கூட்டிக் காட்ட ஆளை ஒளித்து வைத்துத் தில்லுமுல்லு செய்கிறான் என்று ஜல்லி இறக்குகிற சைட்டில் பேச்சாகிவிட்டது. இன்னொரு தடவை எடை பிசகினால் வண்டி கேட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று ராத்திரி, இரண்டே முக்கால். அதே இடத்தில் வண்டியை நிறுத்தினான். இந்தத் தடவை இறங்கினான். சதுப்பு பூராவும் தவளைச் சத்தம். சேற்றில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. பெரிய ஆள் செருப்பு. அதைத் தொடவில்லை. சூடத்தை ஏற்றினான். நீ யார், உன் வூடு எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மன்னித்துவிடு என்றும் சொல்லவில்லை.

"என் வண்டிய மட்டும் வுட்டுடு," என்றான். "வேற எது வேணா எட்த்துக்கோ."

தவளைச் சத்தம் நின்றுவிட்டது.

விடிந்ததும் எடை: ஆறாயிரத்து நானூறு. சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அவ்ளோதானா?" ஞானையாவின் பீடி அணைந்துபோயிருந்தது. அவர் அதைப் பற்றவைக்கவில்லை.

"அந்த ஞாயித்துக்கெழம நானும் கூடத்தான் போயிருந்தேன்," என்றார் தேவானந்தம்.

தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் காசு போட்டால் அட்டை தருமே, கலர் விளக்கு சுற்றுகிற எடை மிஷின்... முனிரத்தினம் முதலில் ஏறினான். அறுபத்திரண்டு. எப்போதும் உள்ள எடைதான். சிரித்துக்கொண்டே இறங்கினான். நானும் நானும் என்று துர்கா குதித்தாள். ஆறு வயசுப் பெண். பதினெட்டு கிலோ என்று அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். தூக்கி நிறுத்திவிட்டுக் காசு போட்டான். விளக்குகள் சுற்றின. டக்... அட்டை விழுந்தது.

எழுபத்தெட்டு.

மிஷின் கோளாறு என்று முனகிக்கொண்டே சட்டைப்பையில் இன்னொரு காசைத் தேடினான். துர்கா தனக்குப் பக்கத்தில், மேலே, ஒரு பெரிய ஆளின் முகம் இருக்கும் உயரத்துக்கு நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்:

"நானும் எறங்கச் சொன்னேன்ப்பா. இந்த மாமா எறங்க மாட்டேன்றாரு."